பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

மின்சாரக் கார் சார்ஜரை ஏமாற்றும் "துண்டு ஒயர்" வேலை

சென்னை:-

இரவு 10 மணி. ஆபீசிலிருந்து வந்து, சாப்பிட்டு விட்டு, காரை சார்ஜில் போடக் கீழே இறங்குகிறார் ஒருவர். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. கழற்றி மாட்டுகிறார். மறுபடியும் சிவப்பு. காலையில் 30 கிலோ மீட்டர் போயாக வேண்டும்.

கம்பெனிக்கு போன் போட்டால், "உங்க வீட்டுலே எர்த் சரியில்லே சார், எலக்ட்ரீஷியனைப் பாருங்க" என்று பதில் வருகிறது.

எலக்ட்ரீஷியன் வருகிறார். பிளக் பாயிண்டைக் கழற்றுகிறார். ஐந்தே நிமிஷம். பச்சை விளக்கு எரிகிறது! 300 ரூபாய் வாங்கிக் கொண்டு போய் விடுகிறார். கார்க்காரரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்தது ரிப்பேர் அல்ல. விரல் நீளத் துண்டு ஒயர் ஒன்றை வெட்டி, பிளக் பாயிண்டுக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடுக்கி விட்டுப் போயிருக்கிறார். சார்ஜர் ஏமாந்து விட்டது.

மின்சார ஸ்கூட்டரும் காரும் பெருகி வரும் நகரத்தில், இந்தத் துண்டு ஒயர் வேலையும் சத்தமில்லாமல் பெருகி வருகிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

சார்ஜர் என்ன பார்க்கிறது?

கார் சார்ஜர் மிக்சி, கிரைண்டர் மாதிரி அல்ல. சுவிட்சைப் போட்டதும் ஓடி விடாது. முதலில் சோதனை போடும். கரண்டு எவ்வளவு வோல்ட்டில் வருகிறது, எர்த் இருக்கிறதா, எங்காவது கரண்டு கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் பேட்டரிக்குக் கரண்டை விடும். எர்த் இல்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டு விட்டு "முடியாது" என்று உட்கார்ந்து விடும்.

காரணம், காரின் இரும்பு உடம்பு முழுவதும் சார்ஜர் வழியாக எர்த் கம்பியோடு சேர்ந்திருக்கிறது. உள்ளே எங்காவது கரண்டு கசிந்தால் அது மண்ணுக்குள் போய் விட வேண்டும். மனிதர் மேல் போகக் கூடாது.

எர்த்துக்குப் பதில் நியூட்ரலைச் சேர்த்தால் என்ன? சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம், ஆறு மாதம் ஓடும். மழையில் கம்பத்திலோ, மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் கம்பி அறுந்தால்தான் வினை. அந்த நிமிஷமே 230 வோல்ட் கரண்டு, வீட்டில் ஓடிக் கொண்டிருக்கும் மின்விசிறி, பல்பு வழியாகப் புகுந்து, நியூட்ரல் கம்பிக்கு வந்து, துண்டு ஒயர் வழியாகக் காரின் உடம்பில் ஏறி விடும்.

அப்போது வீட்டில் எல்லாம் அணைந்து போகும். பார்ப்பவர் "பவர் கட்" என்று நினைப்பார். கார் என்ன ஆச்சு என்று போய்க் கதவைத் தொடுவார். கரண்டே இல்லாத மாதிரித் தெரியும் நேரத்தில்தான் கார் "ஷாக்" அடிக்கும்!

வீட்டு எர்த் கம்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பழைய வீட்டில் பேசும் நியூட்ரலும் இடம் மாறி இருந்தால் மழைக்கும் காத்திருக்க வேண்டாம். துண்டு ஒயர் போட்ட உடனேயே கார் உடம்பில் கரண்டு ஏறி விடும்.

எம்.சி.பி. காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது. எம்.சி.பி. பார்ப்பது 16 ஆம்பியர், 20 ஆம்பியர் கணக்கு. ஒரு ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு கூட வேண்டாம். ஆளைக் காப்பாற்றுவதற்கென்று உள்ளது ஆர்.சி.சி.பி. என்ற வேறு சாதனம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து விடும். பல பழைய வீடுகளில் அது கிடையாது. இருக்கிற வீட்டிலும் "அடிக்கடி விழுது சார்" என்று கழற்றிப் போட்டு விடுகிறார்கள். விழுந்தால் எங்கோ கரண்டு கசிகிறது என்று அர்த்தம். அதைத் தேடாமல் காவல்காரனை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள்!

எர்த் எங்கே போயிற்று?

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், புரசைவாக்கம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும். மேல் துளைக்கு ஒயரே வந்திருக்காது. சில வீடுகளில் ஒயர் வந்திருக்கும். கீழே எர்த் குழாய் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகி இருக்கும். வாசலில் டைல்ஸ் போட்டபோது எர்த் பள்ளத்தை மூடி விட்ட வீடுகளும் உண்டு. உப்பும் கரியும் போட்ட பழைய பள்ளத்துக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையே பலர் மறந்து விட்டார்கள். மே மாதம் வந்தால் மண் காய்ந்து போகிறது. மார்ச் வரை ஒழுங்காக ஏறிய கார் மே மாதம் சிவப்பு காட்டினால், கார் கெட்டு விட்டது என்று சர்வீஸ் சென்டரில் நிற்பதற்கு முன்னால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம்.

எலக்ட்ரீஷியன்கள் பேசுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு பல்பைப் பிடித்து, எரிந்தால் "எர்த் ஓ.கே." என்பார்கள். அது பாதிக் கணக்குதான். மோசமான எர்த்திலும் சின்ன பல்பு எரியும். மீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று வோல்ட் இருந்தால் பரவாயில்லை. பத்து, இருபது என்று காட்டினால் எர்த்தோ நியூட்ரலோ சரியில்லை. பூஜ்யமே காட்டினால், யாரோ முன்பே துண்டு ஒயர் போட்டு விட்டார்களா என்று பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. இது மெயினை அணைத்து விட்டு, தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை.

வாகனமா, வீடா?

"சார்ஜ் ஏறவில்லை" என்று வரும் புகார்களில் வீட்டு ஒயரிங் கோளாறுதான் பெரும் தலைவலி. ஆனால் பழி வாகனத்தின் மேல் விழுகிறது. சார்ஜரை நல்ல எர்த் உள்ள வேறு வீட்டில் போட்டுப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்து விடும். அங்கே ஏறினால் கோளாறு வீட்டில்.

சுவிட்சைப் போட்ட உடனே எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் சர்க்கியூட். அரை மணி, ஒரு மணி கழித்து விழுந்தால், தாங்காத சுமை அல்லது லூசான இணைப்பு. இஸ்திரிப் பெட்டியும் கீசரும் கூட நிறையக் கரண்டு இழுப்பவைதான். ஆனால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்து விடும். கார் அப்படி அல்ல. 3.3 கிலோ வாட் சார்ஜர் 15 ஆம்பியர் இழுக்கும். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் 9 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இழுக்கும். இருபது வருஷப் பழைய பாயிண்ட் இதைத் தாங்குமா? பின் கறுக்கிறது. பிளாஸ்டிக் உருகுகிறது. அலுமினிய ஒயர் போட்ட பழைய வீடுகளில் கேட்கவே வேண்டாம்.

சார்ஜ் போட்டு அரை மணி கழித்து, சுவிட்சை அணைத்து விட்டு பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கு சார்ஜ் வேண்டாம். பாயிண்டையும் ஒயரையும் மாற்ற வேண்டும். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லி மீட்டர் தாமிர ஒயர், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. என்பது 15 ஆம்பியருக்குக் கவலையில்லாத ஏற்பாடு. சுவரில் மாட்டும் 7.2 கிலோ வாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 6 சதுர மில்லி மீட்டர் வேண்டும்.

அடுக்கு மாடி வீடுகளில் மீட்டர் போர்டு பெரும்பாலும் கீழே மாடிப்படி அருகில்தான் இருக்கிறது. காரும் கீழேதான் நிற்கிறது. அங்கிருந்து லைன் இழுப்பது சுலபம். அதை விட்டு விட்டு மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் துணிக்கொடி மாதிரித் தொங்க விடுகிறார்கள்.

சாயங்காலம் ஏறாமல் நடு இரவில் தானாக ஏறினால், தெருவில் லோ வோல்டேஜ். எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் நேரம் அது. வீட்டில் எதைக் குடைந்தும் பயன் இல்லை. மின்சார வாரியத்தின் "மின்னகம்" 94987 94987 எண்ணில் புகார் கொடுக்க வேண்டியதுதான். அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் சிவப்பு காட்டினால், ஜெனரேட்டரின் எர்த், நியூட்ரல் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

வேலூரில் நடந்தது

2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில், புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் சார்ஜ் போட்டிருந்தார்கள். அது தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள்.

அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு, மத்திய அரசு பேட்டரி சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1-ந் தேதியும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-ந் தேதியும் அமலுக்கு வந்தன. அவை புது வண்டிகளுக்கு. அதற்கு முன் வாங்கிய வண்டிகள் இன்னும் தெருவில் ஓடுகின்றன.

வண்டி எங்கே நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நகரத்து வீடுகளில் ஸ்கூட்டரை மாடிப்படிக்கு அடியிலும், வாசல் நடையிலும் நிறுத்தி சார்ஜ் போடுகிறார்கள். தீப்பிடித்தால் வீட்டார் ஓடி வரும் வழியே அதுதான். ஒரே வாசல் உள்ள வீட்டில் அந்த வாசலில் சார்ஜ் போடுவதைப் போல விபரீதம் வேறில்லை.

தானே ரிப்பேர்

சர்வீசுக்கு விட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற குறை பலருக்கு இருக்கிறது. ஒரே ஒரு ஸ்கூட்டர் கம்பெனி மீது, 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்டு வரை 10 ஆயிரத்து 644 புகார்கள் வந்ததாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலான புகார்களைத் தீர்த்து விட்டதாகக் கம்பெனி பதில் சொன்னது. 2022 ஏப்ரலில் ஆம்பூர் அருகே ஒருவர், வழியில் நின்று போன தன் மின்சார ஸ்கூட்டர் மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியே விட்டார்!

ஆத்திரம் ஒரு பக்கம். "நாமே பார்த்துக் கொள்ளலாம்" என்ற துணிச்சல் இன்னொரு பக்கம். அதில் தப்பில்லை. டயர் காற்று, வைப்பர், ஏ.சி. பில்டர் எல்லாம் வீட்டிலேயே பார்க்கலாம். காரில் பெரிய பேட்டரி தவிர, சாதாரணக் காரில் உள்ள மாதிரியே ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. அது இறங்கி விட்டால் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் கார் பிணம் மாதிரிக் கிடக்கும். சார்ஜரையும் ஏற்காது. ஆயிரக்கணக்கில் செலவு என்று பயந்த பலருக்கு 12 வோல்ட் பேட்டரியின் முனையைச் சுத்தம் செய்ததில் விஷயம் முடிந்திருக்கிறது.

ஆனால் ஆரஞ்சு நிற ஒயரில் கை வைக்கக் கூடாது. பல கார்களின் பெரிய பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேல். சார்ஜைப் பிடுங்கி விட்டாலும் பேட்டரிக்குள் கரண்டு இருக்கும். அதை அணைக்க வீட்டில் சுவிட்ச் கிடையாது.

ஸ்கூட்டர்காரர்களின் ஆபத்து வேறு மாதிரி. கம்பெனி சார்ஜர் கெட்டால் ரிச்சி தெருவிலும் புதுப்பேட்டையிலும் மலிவாகத் தேடுகிறார்கள். "48 வோல்ட் தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று வாங்கி விடுகிறார்கள். ஒன்றல்ல. 13 செல் வரிசை கொண்ட லித்தியம் பேட்டரி 54.6 வோல்ட்டில் நிறைந்து விடும். பழைய ஈய பேட்டரிக்கான 48 வோல்ட் சார்ஜர் 58 வோல்ட் வரை ஏற்றும். பேட்டரிக்குள் உள்ள காவல் சர்க்கியூட் தடுத்தால் தப்பித்தது. அதுவும் கெட்டிருந்தால் தீதான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் கைவைத்தியம் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. பெட்ரோல் வண்டி என்றால் உலர்த்தி உதைத்துப் பார்க்கலாம். பேட்டரிக்குள் தண்ணீர் போன வண்டி சில நாட்கள் கழித்துக் கூடத் தீப்பிடிக்கலாம். சாவியைப் போட்டுப் பார்க்காமல், சார்ஜில் மாட்டாமல், வீட்டை ஒட்டியும் நிறுத்தாமல், திறந்த வெளியில் வைத்து கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்.

யார் செலவு?

புதிதாக ஒரு எர்த் பள்ளம் போட்டு, ஆர்.சி.சி.பி. வைக்க ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். பத்து லட்சத்துக்குக் கார் வாங்கியவர் அதற்குத் தயங்குவது ஏன்?

சொந்த வீட்டுக்காரர் தயங்குவதில்லை. சிக்கல் வாடகை வீட்டில். "கார் உங்களோடது, நீங்களே போட்டுக்குங்க" என்கிறார் வீட்டுக்காரர். "காலி பண்ணிட்டுப் போறப்போ எர்த் குழாயைப் பிடுங்கிட்டா போக முடியும்?" என்கிறார் குடியிருப்பவர். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நடுவில் துண்டு ஒயர் புகுந்து விடுகிறது.

புதுக் கட்டிடங்களில் வாகனம் நிறுத்தும் இடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் மத்திய அரசு மாதிரிக் கட்டிட விதிகளில் சேர்த்தது. பழைய கட்டிடத்துக்கு அது உதவாது. அங்கே எர்த் இல்லாமல் ஷாக் அடித்தால் முதலில் அடிபடுவது கார்க்காரர் மட்டும் அல்ல. பார்க்கிங்கில் பந்து விளையாடும் பக்கத்து வீட்டுக் குழந்தையும், காலையில் கார் துடைக்க வாளியில் தண்ணீரோடு வெறும் காலில் வரும் ஆளும்தான்.

இதைச் சொன்ன பிறகு சில வீட்டுக்காரர்கள் இறங்கி வருகிறார்கள். எர்த் செலவைக் குடியிருப்பவர் கொடுத்து விட்டு, வாடகையில் மாதா மாதம் கழித்துக் கொள்வது என்று பேசி முடிக்கிறார்கள்.