முதலில் பூட்டு, அப்புறம் துப்பாக்கி

கொஞ்சம் நீளமான பதிவு. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், டெக்சாஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஏ.ஆர்-15 வாங்கலாம்னு இருக்கேன். முதல் துப்பாக்கி. எந்த கம்பெனி நல்லது?" இரண்டு நாளில் நாற்பது பதில்கள். பேரல் எவ்வளவு நீளம், எந்த ரெட் டாட், தோட்டாவை மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்று ஆளாளுக்கு ஆலோசனை. "வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன வயசு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மிக்ஸி வாங்கப் போகிறவனிடம்கூட நம் ஊரில் இதைவிட அதிகம் விசாரிப்பார்கள்.

துப்பாக்கியே வாங்கக் கூடாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அந்த நாட்டின் அரசியல் சாசனம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் முதன்முதலாக வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவது ஆலோசனை ஆகாது, விற்பனை.

துப்பாக்கியை எதிர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஏ.ஆர்" என்றால் தாக்குதல் துப்பாக்கி என்று அர்த்தம் இல்லை. ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. கடையில் கிடைப்பது செமி-ஆட்டோமேட்டிக். ஒரு முறை ட்ரிகரை இழுத்தால் ஒரே குண்டுதான் போகும். அமெரிக்காவில் நடக்கும் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. இதையெல்லாம் தப்பாகச் சொன்னால், நாம் சொல்லும் சரியான விஷயத்தையும் எவரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்று, சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு; அது காலாவதியானால் விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். "என் பெயரில் வாங்கித் தருகிறேன், காசை அனுப்பு" என்று நண்பர் சொன்னால், கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் அவர் பொய் சொல்கிறார் என்று பொருள். 2022-ல் வந்த சட்டப்படி அதற்கு 15 வருடம் வரை சிறை. துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் செய்வார்கள். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ச் சுட வைத்துப் படம் போடுகிறீர்களே, அவருக்கும் இதே சட்டம்தான். நீங்கள் போடுவது போட்டோ இல்லை, சாட்சி. இது மத்திய சட்டம். மாநிலச் சட்டம் இதற்கு மேல். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற இடங்களில் டெக்சாஸ்காரர் சொல்லும் யோசனை உங்களை நேராகக் கோர்ட்டில் கொண்டு விடும்.

இரண்டு, "வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்குகிறேன்" என்ற வாதம். நான் இயற்பியல் வாத்தியார், ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இந்தத் துப்பாக்கியின் சாதாரணக் குண்டு மூன்றரை கிராம் சொச்சம். வேகம் நொடிக்குச் சுமார் 950 மீட்டர். ஆற்றல் சுமார் 1,600 ஜூல். 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அது சுமார் 450 ஜூல்தான். உங்கள் அமெரிக்க வீட்டின் உள்சுவர் செங்கல் அல்ல. மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. லேசான குண்டு சீக்கிரம் உடைந்துவிடும் என்பார்கள். உடைந்தாலும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகும். பலகைக்கு அந்தப் பக்கம் உங்கள் பிள்ளையின் கட்டில். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இந்தக் கணக்கைப் போட முடியாது. வாங்குவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது.

மூன்றாவதுதான் நான் இந்தப் பதிவை எழுதியதற்கே காரணம். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். 2023-ல் மொத்தம் 46,000-க்கு மேல். அதில் 27,000 பேருக்கு மேல் இப்படி. வெளியிலிருந்து வரும் திருடனை நினைத்து வாங்குகிறீர்கள். ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2020 முதல் அந்த நாட்டுப் பிள்ளைகளும் பதின்வயதினரும் இறப்பதற்கு முதல் காரணம் துப்பாக்கிதான்.

"சார், நம்ம வீட்டுப் பிள்ளைகள் அப்படி இல்லை" என்பீர்கள். தேர்வு முடிவு வரும் நாளில் ஆசிரியராக இருந்த எவரிடமும் இதைச் சொல்லாதீர்கள். அன்று நாங்கள் பயந்தது தோற்ற பையனை நினைத்து மட்டும் இல்லை. 98 எதிர்பார்த்து 91 வாங்கிய பெண்ணையும் நினைத்துத்தான். அந்த எதிர்பார்ப்பை நீங்கள் விமானத்தில் ஏறும்போது மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டுப் போகவில்லை. பிள்ளை மனதில் வரும் அந்த இருட்டு பல நேரங்களில் சில நிமிடம், சில மணி நேரம்தான். அது கடந்துபோகும் வரை ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பெரும்பாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். இது என் ஊகம் இல்லை. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-லிருந்து இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அத்தனை பேரின் துயரமும் தீர்ந்துவிடவில்லை. பொருள் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். துப்பாக்கியோ மனம் மாற அவகாசம் தராத பொருள்.

அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் நினையுங்கள். 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற துப்பாக்கி, அந்தப் பையனின் அம்மா சட்டப்படி வாங்கியது. அவன் முதலில் கொன்றதும் அந்த அம்மாவைத்தான். 2021-ல் மிச்சிகனில் ஆக்ஸ்போர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனுக்குக் கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தது அவன் அப்பா. 2024-ல் தாய், தகப்பன் இருவருக்கும் 10 முதல் 15 வருடம் சிறை. டெக்சாஸிலேயே, தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். நாற்பது பதில்களில் ஒன்றாவது இதைச் சொன்னதா?

இத்தனைக்கும் பிறகு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வாத்தியார் சொல்லும் வரிசை இது:

1. முதலில் இரும்பு லாக்கர். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியது. அதற்குக் காசு இல்லையென்றால் துப்பாக்கிக்கும் காசு இல்லை என்று அர்த்தம். பெட்டியோடு வரும் சின்னப் பூட்டு போதாது. பிள்ளையின் பிறந்தநாளை நம்பராக வைக்காதீர்கள்.

2. துப்பாக்கி காலியாக ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில்.

3. வாங்கும் முன் பயிற்சி. யூடியூப் பயிற்சி ஆகாது. மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் ஒரு குண்டு இருக்கலாம் என்பதை உங்கள் கை பழக வேண்டும். எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியதே என்று நினை; சுட விரும்பாத எதையும் நோக்கித் திருப்பாதே; குறி வைக்கும் வரை ட்ரிகரில் விரல் வைக்காதே; குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். நான்கே விதிகள்.

4. பேரலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். .223 என்று மட்டும் இருந்தால் அதில் 5.56 தோட்டா போடாதீர்கள். 300 பிளாக்அவுட் தோட்டா 5.56 மேகசினில் அழகாக உட்காரும். சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். சத்தம் 150 டெசிபலுக்கு மேல். காதுக் கவசம் இல்லாமல் ஒரு குண்டுகூட வேண்டாம்.

5. வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், அன்றே துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். அங்கே 988-க்குக் கூப்பிடலாம். இங்கே 14416.

ஊரில் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கமென்ட்டில் சண்டை போட வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் எழுதுங்கள். உங்கள் வீட்டுத் துப்பாக்கியின் சாவி இந்த நிமிடம் எங்கே இருக்கிறது?