அடக்கம் அறிதல்

நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர்; ஒரு திருகாணி செய்ய என்ன செலவாகும் என்று கணக்கிட்டுச் சொல்ல வல்லார் சிலரே. அச்சிலரைத் தொழிலுலகம் 'உற்பத்திச் செலவு ஆய்வாளர்' என அழைக்கின்றது. பொறியியலும் கணக்கியலும் ஒருங்கிணையும் இப்பணியின் அருமையை நம் மாணவச் செல்வங்கள் இன்னும் உரியவாறு உணர்ந்திலர் என்பது நம் கருத்து.

வரைபடத்தைக் கண்டவுடன் மூலப்பொருள் எவ்வளவு, எந்திரம் எத்தனை நிமிடம் ஓடும், கழிவு எவ்வளவு, கூலி, மின்சாரம், தேய்மானம், மேற்செலவு எவ்வளவு எனப் பகுத்துரைப்பதே இவர்தம் கடமை. எந்திரத்தை ஒருமுறை ஆயத்தம் செய்ய 1,000 ரூபாய் ஆகிறதெனக் கொள்வோம். 100 உருப்படிகள் செய்தால் ஒவ்வொன்றின் மேலும் 10 ரூபாய் ஏறும். 1,000 செய்தால் 1 ரூபாயே ஏறும். இந்நுட்பம் அறியாது விலை கூறும் பட்டறை, வேலை மிகுந்தும் நொடித்துப் போகும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் 1830ஆம் ஆண்டளவில் நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். அங்கு உருவான இரும்பு இங்கிலாந்துவரை சென்று நற்பெயர் ஈட்டியது. ஆயினும் தாது சேலத்துப் பகுதியிலிருந்து வரவேண்டியிருந்தது. உலைக்கு வேண்டிய மரக்கரிக்குக் காடுகள் அழிந்தன. காடு அகல அகலக் கரியின் விலை ஏறிற்று. கடன் பெற்றும், நிருவாகம் கைமாறியும் ஆலை நிலைக்கவில்லை. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே மூடப்பட்டது. தரத்தில் வென்ற ஆலை அடக்கவிலையில் தோற்றது.

இந்திய அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் 1944இல் தோன்றி, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. பொறியியல் பயின்றோர் இத்துறைக் கல்வியையும் உடன் பெறுவராயின் வாய்ப்புகள் பெருகும்.

எனினும் ஒன்றை வலியுறுத்த விழைகின்றோம். செலவைக் குறைப்பது என்றவுடன் கூலியில் கைவைப்பது எளிய வழி. கழிவுநீரைத் தூய்மை செய்யாது விடுவது அதனினும் எளிய வழி. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் அருகே ஓடும் உப்பனாறு கெட்டதென்று கரையோர மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். மீனவனின் வெறும் வலை எந்த ஆலையின் செலவுத் தாளில் ஏறுகிறது? கணக்கில் எழுதாத செலவும் செலவே. அதனை வேறொருவர் செலுத்துகின்றார், அவ்வளவே. பரங்கிப்பேட்டைக் காடுகள் செலுத்தியதும் அத்தகைய விலையே. அவ்விலையையும் எடுத்துக்காட்டும் துணிவுடையவரே உண்மையான ஆய்வாளர்.

தமிழ்த்துறைக்கும் இதில் பங்குண்டு. அடக்கவிலை, மேற்செலவு, தேய்மானம் என்னும் சொற்கள் பட்டறைத் தொழிலாளியின் நாவிலும் வழங்குமாயின், தம் உழைப்பின் மதிப்பை அவரே கணக்கிட்டுக் கேட்பார். இழப்பையும் ஆக்கத்தையும் பின்வரும் ஊதியத்தையும் எண்ணிச் செயலில் இறங்குக என்று வள்ளுவர் 461ஆம் குறளில் அறிவுறுத்தினார். அவ்வழி வந்த நம் மாணவர்கள் எண்ணையும் எழுத்தையும் இரு கண்ணெனப் போற்றி இத்துறையில் சிறந்து விளங்க வேண்டும் என்பதே நம் விழைவு.