வெட்கப்பட்டால் புண் ஆறுமா?



மாமியார் மருமகள் சண்டை, பிள்ளைகள் படிப்பு என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பகுதியில் வாசகியர் எழுதுகிறார்கள். நான் எழுதுவது, கூடப் பிறந்த அக்காவிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயம். என் பெயர், ஊர் மட்டும் வேண்டாம்.

எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி 14 வருடம். இரண்டு பிள்ளைகள். கணவர் வெளியூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார்.

சில மாதங்களுக்கு முன் எனக்குப் பிறப்புறுப்பை ஒட்டிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்தன. இரண்டு நாளில் உடைந்து புண்ணாகிவிட்டது. சிறுநீர் போனால் உயிர் போகிற எரிச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டி, காய்ச்சலும் அடித்தது. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டேன், இளநீர் குடித்தேன். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று களிம்பு வாங்கித் தடவினேன். புண் அதிகமானதுதான் மிச்சம். மாமியாரிடம் கொப்புளம் என்று மட்டும் சொன்னேன். "அக்கியா இருக்கும், குயவர் வீட்டுல போய்க் காவி எழுதிக்கிட்டு வா" என்றார். எங்கே என்று காட்டி எழுதச் சொல்வது!

வலி தாங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அக்கி இல்லேம்மா. அக்கி, சின்னம்மைக் கிருமியால வர்றது. இது ஹெர்பிஸ் மாதிரி இருக்கு. உறவால பரவுற நோய். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா" என்றார். எனக்குத் தலை சுற்றியது.

சனிக்கிழமை அவர் வந்ததும், "எங்க போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். "வந்திருக்கிறது உனக்கு. என்னைக் கேக்கறியா?" என்றார். இரண்டு வாரம் பேச்சு இல்லை. பிள்ளைகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன.

ஒருவழியாக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிருமி உடம்புக்குள் போனால், ஒரு தொந்தரவும் தராமல் வருடக்கணக்கில் ஒளிந்திருக்குமாம். பலருக்கு இருப்பதே தெரியாதாம். புண் இல்லாதபோதும் பரவுமாம். காய்ச்சலின்போது உதட்டோரம் வருகிற கொப்புளத்துக்குக் காரணமான கிருமியும் வாய் வழி உறவால் கீழே வரலாமாம். என் கணவருக்கு அப்படி உதட்டில் வருவது உண்டு. "யார்கிட்ட இருந்து யாருக்கு, எப்போ வந்ததுன்னு எந்த டாக்டராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். இருவருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். இரண்டும் இல்லை என்று வந்தது.

நோயை அடியோடு போக்க மருந்து இல்லை. ஆனால் அசைக்ளோவிர் மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தால் புண் விரைவில் ஆறும். மறுபடி வந்தாலும் பெரும்பாலும் முதல் தடவை போல வாட்டாது. புண் இருக்கும்போது உறவு கூடாது. மற்ற நேரம் ஆணுறை ஓரளவு காக்கும், முழுதாக அல்ல. கழிப்பறையால் பரவும் என்று பயந்து தட்டு, டம்ளரைக்கூடத் தனியாக வைத்திருந்தேன். அதற்கு அவசியமே இல்லையாம். கர்ப்பிணிகள் மட்டும் இதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. பிரசவ சமயத்தில் குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. அத்தனை பேரும் தப்பு செய்தவர்களா?

என் கணவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நம்புகிறாயா என்று கேட்டால், எனக்கு நாளுக்கு ஒரு பதில். ஆனால் அந்தச் சண்டை முடியட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப் போட்டிருந்தால், வேதனைப்பட்டிருப்பது நான்தான்.

சகோதரிகளே, கொப்புளமோ புண்ணோ வந்தால் கடைக் களிம்பு வேண்டாம். புண் ஆறுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். பார்த்ததும் கண்டுபிடிக்க அதுதான் சுலபம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். பல்வலி என்றால் துணைக்கு வருகிறவர்கள், இதற்கு மட்டும் வாசலில் நிற்பது என்ன நியாயம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி