பார்க்கிறவர்கள் ஏமாளிகள் அல்ல

மாயாஜாலத் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் படித்தவர்கள் மத்தியில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. பாம்பு பெண்ணாக மாறுகிறது, செத்தவள் பேயாக வந்து பழிவாங்குகிறாள், அம்மன் கண் திறந்ததும் கெட்டவன் எரிந்து போகிறான். இதையெல்லாம் நிஜமென்று நம்பிக்கொண்டு ஜனங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், அதிலும் கிராமத்துப் பெண்கள்தான் அதிகம் கெட்டுப்போகிறார்கள் என்பது அந்தத் தீர்ப்பு. பட்டிமன்ற மேடையில் இதற்குக் கைதட்டல் நிச்சயம். பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் தாய்மார்களுக்குச் சொல்லும் புத்திமதியிலும் இது தவறாமல் இடம்பெறும். இந்தத் தீர்ப்பு தவறானது. அதோடு அநியாயமானதும்கூட. குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எழுதப்பட்டது அது.

கேட்டுப் பார்க்கலாம். திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி கன்னிவாடி. ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். இந்தச் சமவெளிக்குத் தொலைக்காட்சி முதலில் மலையிலிருந்துதான் இறங்கி வந்தது. கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்த பிறகு வீட்டுக்கூரை ஆன்டெனாக்கள் எல்லாம் அந்தப் பக்கமாகத் திரும்பின. அப்புறம் கேபிள் வந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசே இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்க, டி.வி. இல்லாத வீடு அபூர்வமானது. ஆக, இங்கே அறுபது வயதைத் தொட்ட ஒரு பெண் தூர்தர்ஷன் காலத்திலிருந்து பார்த்துப் பழகியவர். இந்தக் கலையில் அவருக்கு இருக்கிற அனுபவம் பல விமர்சகர்களுக்கு இல்லை.

நூறு நாள் வேலைத் தளத்திலோ, காய் பறிக்கிற தோட்டத்திலோ, முந்தின நாள் ஓடிய நாகினிக் கதை பேச்சில் வந்தால் அது இப்படித்தான் இருக்கும்: “ஏத்தா, மந்திரம் தெரிஞ்ச பாம்புக்கு மோதிரம் எங்கன இருக்குன்னு தெரியாதாக்கும்? மூணு நாளாத் தேடுது.” “தெரிஞ்சுபோச்சுன்னா கதை முடிஞ்சுரும்ல மதினி. அப்புறம் விளம்பரம் எப்பிடிப் போடுவான்?” இரண்டு பேரின் பேச்சிலேயே கதையின் ஓட்டையும் பிடிபட்டுவிட்டது, அந்த ஓட்டை ஏன் விடப்பட்டது என்ற வியாபாரக் காரணமும் பிடிபட்டுவிட்டது. இந்தியில் 2015-இல் தொடங்கிய நாகின் தமிழில் டப் ஆகி வந்தபோது வாயசைவும் வசனமும் ஒட்டாததைக் கவனித்தவர்கள் இவர்கள். 2017 ஜனவரியில் சன் டி.வி.யில் சுந்தர் சி.யின் ‘நந்தினி’ தொடங்கியபோது, கிராபிக்ஸ் பாம்பு எந்தக் காட்சியில் நன்றாக இருக்கிறது, எதில் பொம்மை மாதிரி இருக்கிறது என்று பிரித்துச் சொன்னவர்களும் இவர்கள்தான். ஒரு பாம்பை நிஜமென்று நம்புகிறவர் அதன் கிராபிக்ஸுக்கு மார்க் போட முடியாது.

‘நம்பிவிடுகிறார்கள்’ என்ற வாதத்தை உடைக்க இன்னும் வலுவான சாட்சி ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் நாகாவின் இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் கதையில், மர்மதேசம் வரிசையில் ‘விடாது கருப்பு’ வந்தது. ஊரில் தப்புச் செய்கிறவர்களைக் கருப்பு குதிரையேறி வந்து தண்டிக்கிறது என்பது கதையின் தொடக்கம். திண்டுக்கல் வட்டாரத்தில் கருப்பசாமி வெறும் கதாபாத்திரம் இல்லை. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிற காவல் தெய்வம், கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிற சாமி. பார்ப்பவர்கள் திரையில் வருவதை அப்படியே நம்புகிற ஜனமென்றால் இந்தத் தொடருக்கு என்ன எதிர்வினை வந்திருக்க வேண்டும்? கருப்புதான் வெட்டுகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. வாரக்கணக்கில் டீக்கடையிலும் திண்ணையிலும் ஒரே கேள்விதான்: குதிரையில் வருவது யார்? இவனா, அவனா, அந்தக் கிழவியா? சாமியைச் சந்தேகப் பட்டியலில் கடைசியில் வைத்துவிட்டு மனிதர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். மனம் பிளவுபட்ட ஒருவரின் கதையாக அது முடிந்தபோது அந்த விளக்கத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த திருவிழாவில் கருப்புக்குப் பொங்கலும் வைத்தார்கள். கதையில் வருகிற கருப்பு வேறு, எல்லையில் நிற்கிற கருப்பு வேறு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே வரவில்லை.

திரையில் அம்மன் வந்தால் கும்பிடுகிறார்களே என்று கேட்பார்கள். கும்பிடுகிறார்கள், உண்மைதான். 1987-இல் ராமாயணம் ஒளிபரப்பானபோது நாட்டின் பல ஊர்களில் டி.வி. பெட்டிக்கு மாலை போட்டதும் உண்மை. ஆனால் அந்தக் கைகள் நடிகைக்காகக் குவியவில்லை, தயாரிப்பாளருக்காகவும் குவியவில்லை. தங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற சாமியின் உருவம் கண்ணில் பட்டது, கும்பிட்டார்கள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் “இந்த அம்மனுக்கு மேக்கப் சரியில்ல” என்று சொல்கிறவர்களும் அவர்களேதான்.

இந்தத் திறமை டி.வி.யோடு வந்ததில்லை. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழா என்றால் இரவு முழுக்க நாடகம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி. எமன் வந்து உயிரைப் பறிப்பான், சாவித்திரி அவனோடு வாதாடி உயிரை மீட்பாள். முன்வரிசைக் கிழவி அழுவாள். அழுதுகொண்டே, எமன் வேஷக்காரர் போன வருஷம் வந்தவரைவிடக் குரலில் கொஞ்சம் மட்டம் என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வாள். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் யார் வாதம் நின்றது என்று கூட்டம் இரண்டாகப் பிரியும். நடுவே மைக்கில் அன்பளிப்பு வாசிப்பார்கள், கதை நிற்கும், திரும்பத் தொடங்கும், யாருக்கும் எதுவும் கெடாது. விடிந்ததும் முருகன் வேஷம் கட்டியவர் சாயம் முழுதாகக் கலையாத முகத்தோடு பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பார், அதையும் பார்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படிப் பார்த்துப் பழகிய கூட்டத்திடம் போய் ‘அது நிஜமில்லை’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

ஆகவே, மாயக்கதை நமக்கு அந்நியம், வடக்கிலிருந்து டப்பிங்கில் வந்து இறங்கிய நோய் என்ற வாதத்துக்கு அதிகம் பதில் தேவையில்லை. பெரிய எழுத்துப் புத்தகமாக விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் சந்தையில் விற்ற நாடு இது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவை வேதாளத்துக்காகவே வாங்கிய வீடுகள் எத்தனையோ. கன்னிவாடிக்குப் பக்கத்திலேயே சோமலிங்கபுரம் மலையடியில் சித்தர் குகை இருக்கிறது. நவபாஷாணமும் போகரும் இந்தப் பழனி மலை வட்டாரத்தின் சொந்தக் கதைகள்.

கிராமத்துப் பெண்கள்தான் இதற்குப் பலி என்ற வாதத்தில் எனக்குக் கோபமே வருகிறது. டிராகன் பறக்கிற, செத்தவர்கள் எழுந்து நடக்கிற ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை நகரத்துப் பட்டதாரிகள் விடிய விடியப் பார்த்தார்கள். 2019-இல் அதன் கடைசி சீசன் பிடிக்கவில்லை என்று, திரும்ப எடுக்கச் சொல்லி உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு ரசிகர்களின் ஆவேசம், கதை மீதான அக்கறை என்று பெயர் கிடைத்தது. டிராகனை நம்பிவிட்டார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. கன்னிவாடியில் ஒரு அப்பத்தா “அந்தப் புள்ளையச் சாகடிச்சிருக்கக் கூடாது, கதைக்கே நாயமில்ல” என்று வருத்தப்பட்டால் மட்டும் அது அறியாமை ஆகிவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள்: நீ போட்ட விதியை நீயே மீறிவிட்டாய். நூறடி பறக்கிற பாம்பை அப்பத்தா ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் அது கதை தொடங்கும்போதே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். நல்லவளுக்குக் காரணமில்லாமல் கேடு வருவதை ஏற்கமாட்டார், அது ஒப்பந்தத்தில் இல்லை.

டச்சு ஆய்வாளர் இயன் ஆங், ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்கிறவர்கள் தனக்கு எழுதும்படி ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வந்த கடிதங்கள் நாற்பத்திரண்டு. அவற்றை வைத்து 1980களில் அவர் வெளியிட்ட ஆய்வில் என்னை உலுக்கியது ஒன்று: விரும்பிப் பார்த்தவர்கள்கூட, பார்ப்பதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருந்தார்கள். வெறுப்பவர்கள் கூசாமல் எழுதினார்கள். கன்னிவாடியிலும் இதுதான். “சும்மா பொழுது போகணுமேன்னு பாக்குறேன் தம்பி” என்றுதான் பேச்சே தொடங்கும். அந்தக் கூச்சத்தை அவர்கள் மேல் ஏற்றியது நாம். கூச்சத்தைத் தாண்டிப் பத்து நிமிஷம் காத்திருந்தால், மாமியார் யார், மருமகள் யார், சொத்து யார் பேரில் இருக்கிறது, அந்தப் பேய் உயிரோடிருந்தபோது யார் அதைக் கைவிட்டார்கள் என்று அவர்கள் பிரித்துப் பேசுவதைக் கேட்கலாம். பேய்க்கதையில் அவர்கள் அதிகம் பேசுவது பேயைப் பற்றி அல்ல. அவளைப் பேயாக்கியவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு நான் பாதி இடம் விடுகிறேன். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஓடிய சக்திமானைப் பார்த்துக் குழந்தைகள் மாடியிலிருந்து குதித்ததாகச் செய்திகள் வந்தன. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. நாலைந்து வயதுப் பிள்ளை பார்த்ததைச் செய்து பார்க்கும், அது ஆபத்துதான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும், தொடரை எடுப்பவருக்கும் பொறுப்பு வேண்டும். ஆனால் பிள்ளைகள் செய்து பார்ப்பது மாயத்தை மட்டுமா? சினிமாச் சண்டையை, பைக் சாகசத்தை எல்லாம் செய்து பார்க்கின்றன. ‘மை டியர் பூதம்’ தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள். அவர்களில் யாரும் வீட்டுக்குப் பூதம் வருமென்று காத்திருக்கவில்லை.

இனி மூடநம்பிக்கை. கேபிள் டி.வி. விதிகள் 1994-இலேயே மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது என்கின்றன. நல்ல விதி. ஆனால் மூடநம்பிக்கை எந்த நேரத்தில் வீட்டுக்குள் நுழைகிறது என்று பாருங்கள். இரவு ஓடுகிற மாயத்தொடர், முதலிலேயே ‘இது கற்பனைக் கதை’ என்று எழுத்தில் போட்டுவிடுகிறது. அதிகாலையிலும் நண்பகலிலும் விளம்பர நேரத்தை விலைக்கு வாங்கி, ராசிக்கல் போட்டால் கடன் தீரும், யந்திரம் வைத்தால் குழந்தை பிறக்கும், உடனே போன் செய்யுங்கள் என்று சொல்கிறவர்கள் எங்கேயும் ‘கற்பனை’ என்று போடுவதில்லை. எதிரே கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார். பயனடைந்தவர் என்று ஒருவர் கண்ணீர் விடுகிறார். கன்னிவாடிப் பக்கத்தில் ஒருவர் நகையை அடகு வைத்தால் அது இந்த மாதிரி ஒரு போன் நம்பருக்காக இருக்கும். எந்த நாகினிக்காகவும் யாரும் அடகுக்கடைப் படி ஏறியதில்லை.

சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். தாயத்து, மந்திரம், கவசத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அனுமன் சாலிசா யந்திரம் போன்றவற்றுக்கு அற்புத சக்தி இருப்பதாகச் சொல்லி டி.வி.யில் விளம்பரம் செய்வது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கை நீண்டது பொருள் விற்கிறவர் மீது. கதை சொல்கிறவர் மீது அல்ல. நம் மேடைகளில் மட்டும் கை நேர் எதிர்த் திசையில் நீள்கிறது. கற்பனை என்று சொல்லிக் கற்பனை காட்டுகிறவரைத் திட்டுகிறோம், உண்மை என்று சொல்லிப் பொய் விற்கிறவரை ஜோதிட நிகழ்ச்சி என்று விட்டுவிடுகிறோம்.

இந்தத் தொடர்களில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. நல்லவள் வெளுப்பாக இருக்க வேண்டும், சூனியக்காரிக்குக் கறுப்புச் சாயம் பூச வேண்டும் என்ற வழக்கம் அசிங்கமானது. கறுத்த மக்கள் வாழ்கிற ஊரில் இரவுதோறும் நடக்கிற அவமானம் அது. பெண்ணுக்கு எதிரி பெண்தான் என்று வருடக்கணக்கில் இழுப்பதும் மோசம். மந்திரம் இருக்கிற கதையில்கூடப் பெண்ணுக்கு விடுதலை கல்யாணத்தோடு நின்றுவிடுவது கற்பனைப் பஞ்சம். ஆனால் இவற்றை முதலில் சொன்னவர்கள் விமர்சகர்கள் அல்ல. “கெட்டவன்னா கருப்பாத்தேன் இருக்கணுமாக்கும்?” என்று கேட்பவர் பார்க்கிற பெண்தான்.

அவர் கேட்பது சேனலுக்குப் போய்ச் சேர வழியில்லை. பார்வையாளர் அளவீட்டில் கிராமங்களைச் சேர்க்கவே பார்க் நிறுவனத்துக்கு 2015 அக்டோபர் ஆகிவிட்டது. சேர்த்த பிறகும் அந்தக் கருவி பதிவது, எந்த வீட்டில் எந்த சேனல் எவ்வளவு நேரம் ஓடியது, யார் பார்த்தார்கள் என்பதை மட்டும்தான். ஏன் பார்த்தார்கள், எந்த இடத்தில் திட்டினார்கள் என்பது அதில் ஏறாது. ஒளிபரப்பாளர் அமைப்பு 2011-இல் ஏற்படுத்திய புகார்க் குழு ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் தொடர் பார்க்கிற எத்தனை பேருக்கு அதன் முகவரி தெரியும்? தமிழில் ஒரு தொலைபேசி எண்ணை ஒவ்வொரு தொடரின் முடிவிலும் சேனல்கள் காட்டட்டும். பேசுகிறவர் சொல்வதைத் தமிழிலேயே பதிவு செய்யட்டும், கதை எழுதுகிற அறைக்கு அது மாதம் ஒருமுறையாவது போகட்டும். அங்கே இருப்பவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளக் கன்னிவாடியில் நிறைய இருக்கிறது.