பெட்டியில்லாமல் வந்த பெரிய மனிதர்கள்

வேலை விடயமாக நாடுவிட்டு நாடு பறப்பவர்களைப் பற்றி நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. கோட்டும் ரையும், தங்குவதற்கு ஹோட்டல், செலவுக்குக் கொம்பனிக் காசு. இவர்களுக்கு யார் தயவு வேண்டியிருக்கிறது என்றுதான் நினைப்போம். ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் பத்திரங்களுமாக நாம் விமான நிலையத்தில் நின்றபோது, நம்மைக் கடந்து விறுவிறென்று போனவர்கள் அல்லவா!

அவர்களும் அப்படி நின்ற நாட்கள் உண்டு. 2001 செப்டெம்பர் 11 அன்று நடந்த தாக்குதலையடுத்து அமெரிக்கா தன் வான்பரப்பை மூடியது. அத்லாந்திக்கின் மேலே வந்துகொண்டிருந்த பயணிகள் விமானங்களில் 38, கனடாவின் நியூபவுண்லாந்துத் தீவிலுள்ள கான்டரில் இறக்கப்பட்டன. ஊரின் சனத்தொகையோ சுமார் 10,000. வந்திறங்கியவர்கள் 6,500க்கும் மேல். அவர்களுடைய பெட்டிகள் விமானங்களுக்குள்ளேயே இருந்துவிட்டன. யேர்மனியின் ஹியூகோ பொஸ் உடுப்பு நிறுவனத்தின் அன்றைய தலைவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஊருலகத்துக்குக் கோட்டு விற்கிறவரும் கைப்பையோடு இறங்கவேண்டியதாயிற்று.

பாடசாலை பஸ் சாரதிகள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அதை விட்டுவிட்டு வந்து பஸ்ஸை எடுத்தார்கள். பாடசாலைகள், தேவாலயங்கள், மண்டபங்கள் எல்லாம் படுக்கையிடங்களாயின. வீடு வீடாகச் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டை வைக்க இடம் போதாமல், ஐஸ் ஹொக்கி மைதானத்தையே குளிர்சாதனப் பெட்டியாக்கினார்கள். (நமது கோயில் திருவிழாக்காரர் குறித்துக்கொள்ளலாம்.) மருந்துக்கடைக்காரர் பயணிகளின் சொந்த நாட்டு வைத்தியர்களுக்குப் போன் எடுத்து விசாரித்து மருந்து கொடுத்தார்கள். குளிக்க வீட்டுக்குக் கூட்டிப் போனவர்கள் பலர். வீட்டாரோடு பேசத் தொலைபேசிகளும் வைத்தார்கள். 'வந்து சேர்ந்திட்டம்' என்ற ஒரு சொல்லை ஊருக்குச் சொல்ல நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, எல்லாவற்றிலும் அந்தத் தொலைபேசிதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

புதிதாக வந்த குடும்பங்களோடு பேசும்போது ஒன்றை அடிக்கடி கேட்கிறோம். தேவாலயத்தில் கொடுத்த குளிர்ச்சட்டையை வாங்கக் கை கூசியது, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தந்த கட்டிலுக்கு எப்படிக் கைமாறு செய்வது என்று தெரியவில்லை என்பார்கள். ஊரில் நாலு பேருக்குக் கொடுத்துப் பழகிய கை, கூசத்தான் செய்யும். கான்டரிலும் அந்தக் கூச்சம் இருந்தது. காசை நீட்டினார்கள், ஊரார் வாங்கவில்லை.

பக்கத்து லூயிஸ்போட் ஊரில் தங்கியிருந்த டெல்ரா 15ஆம் இலக்க விமானப் பயணிகள் ஒரு வழி கண்டார்கள். திரும்பிப் போகும் விமானத்திலேயே ஆளுக்கு இவ்வளவு என்று எழுதி, அந்த ஊர்ப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஒரு நிதி தொடங்கினார்கள். உடனே தீர்க்கவேண்டிய கடனாக அதை அவர்கள் எண்ணவில்லை. நம்மவரும் அப்படி எண்ணத் தேவையில்லை என்பது நமது அபிப்பிராயம். மொழி பிடிபடட்டும், வேலை நிலைக்கட்டும். இப்போதைக்கு அந்த அம்மாவின் வாசலில் கொட்டும் பனியைப் பெடியன் வழித்துவிட்டாலே போதும்.

இதே நியூபவுண்லாந்துத் தீவுக்கு நம்மவரோடு அதற்கு முந்திய தொடர்பு ஒன்று உண்டு. 1986 ஓகஸ்ட் 11 அன்று, கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை, தொழிலுக்குப் போயிருந்த மீனவர் கஸ் டோல்ரன் கண்டார். வலையை மறந்து மற்றப் படகுகளையும் அழைத்தார். அவர்கள் இந்தியாவிலிருந்து வரவில்லை, மேற்கு யேர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தபோது நாட்டில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கடலில் கண்ட நேரத்தில் அந்த மீனவர் பார்த்ததோ தாகத்தில் வாடிய முகங்களைத்தான்.

30 வருடம் கழித்து, 2016இல், அப்படகுகளில் வந்தவர்களில் சிலர் அந்தக் கரைக்குத் திரும்பிப் போய் அவரைக் கண்டு நன்றி சொன்னார்கள்.