ஒரு சொட்டுத் தண்ணீரில் ஓர் உலகம்

குளத்துத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். பளிங்கு போல இருக்கும். "நல்ல தண்ணீர்" என்று சொல்லிக் குடித்தும் விடுவோம்.

அதில் ஒரே ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பாருங்கள். திடுக்கிட்டுப் போவீர்கள்!

செருப்பு வடிவத்தில் ஒரு பிராணி விரைந்து ஓடும். மணி போன்ற இன்னொன்று, தன் காம்பைச் சுருட்டிக்கொண்டு சட்டென்று பதுங்கும். தலையில் சக்கரம் சுழல்வது போல் தோன்றும் வேறொன்று, இரையை இழுத்து விழுங்கும். கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் பாசிகள் படகு போல நகரும்.

இத்தனையும் ஒரு சொட்டில்!

ஜவுளி வியாபாரி

இந்த உலகத்தை முதலில் கண்டவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. அவர் ஒரு ஜவுளி வியாபாரி. பெயர் லீவன்ஹூக். ஹாலந்து நாட்டில், டெல்ப்ட் என்ற ஊரைச் சேர்ந்தவர்.

அவர் தம் கையாலேயே சின்னஞ்சிறு லென்சுகளைச் செய்தார். 1674-ம் ஆண்டில், ஓர் ஏரியின் தண்ணீரை அந்த லென்சு வழியாகப் பார்த்தார். குட்டிக் குட்டி உயிர்கள் நீந்தி விளையாடின.

மிளகுக்குக் காரம் எங்கிருந்து வருகிறது என்று அறியவும் அவருக்கு ஆசை. மிளகைத் தண்ணீரில் ஊறவைத்தார். 1676-ல் அந்தத் தண்ணீரில், முன்பு கண்டவற்றைவிட மிகச் சிறிய உயிர்களைக் கண்டார்.

இதை லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞான சபைக்கு எழுதினார். அங்கே பலர் நம்பவில்லை.

பாவம், அவர் என்ன செய்வார்? அவருக்கு நன்றாகப் படம் வரையத் தெரியாது. ஓர் ஓவியரை அமர்த்தி வரையச் செய்தார். பெரிய மனிதர்கள் 8 பேரிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677-ம் ஆண்டின் கடைசியில், ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி தாமும் மிளகுத் தண்ணீரைச் சோதித்து, சபையோருக்குக் காட்டினார். அதன் பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

ஒரு போட்டோ இருந்திருந்தால் இத்தனை பாடு ஏன்?

நரம்புச்சிலந்தி

"இதெல்லாம் வெறும் வேடிக்கைதானே?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. இது உயிர் காக்கும் வேடிக்கை!

குளத்திலும் படிக்கிணற்றிலும் சைக்ளோப்ஸ் என்ற பூச்சி உண்டு. அதற்கு ஒற்றைக் கண். வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி போலத்தான் தெரியும். நரம்புச்சிலந்திப் புழுவின் குஞ்சு அதன் உடலில்தான் வளரும்.

வடிகட்டாத தண்ணீரோடு அந்தப் பூச்சியை விழுங்கியவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. சுமார் ஓர் ஆண்டு கழித்து, 2 அல்லது 3 அடி நீளமுள்ள புழு, காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வயல் வேலை நேரத்தில் உழவர் படுத்த படுக்கையாகிவிடுவார்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. ஆனால் தண்ணீரைத் துணியால் வடிகட்டினால் போதும்! இந்தியாவில் 1996-ம் ஆண்டோடு இந்த நோய் நின்றது. 2000-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதி செய்தது.

"வடிகட்டிக் குடி" என்று சொன்னால் சிலர்தான் கேட்பார்கள். பூச்சியையே கண்ணெதிரே காட்டினால் எல்லோரும் கேட்பார்கள்.

படம் எடுப்பது எப்படி?

கரையோரப் பாசியைச் சிறிது எடுத்துப் பிழியுங்கள். சிறுவர்கள் பெரியவர் துணையின்றிக் குளத்துக்குப் போகக் கூடாது. பிழிந்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடுங்கள். கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் செல்போன் காமிராவை ஆடாமல் பிடியுங்கள். படம் தயார்!

பிராணி ஓடிக்கொண்டே இருக்கிறதா? சொட்டில் இரண்டு மூன்று பஞ்சு இழைகளைப் போடுங்கள். ஓட்டம் அடங்கும். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே மட்டும் திருப்பாதீர்கள். கண் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மைக்ராஸ்கோப் வாங்கப் பணம் இல்லையா? மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் என்ற விஞ்ஞானி, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் ஒன்றைச் செய்தார். காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப்! 2014-ல் அது உலகுக்குத் தெரிய வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

பீரோவில் தூங்க வேண்டாம்

பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப் பீரோவில் பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? "உடைந்துவிடும்" என்று பயந்தால், பிள்ளைகள் எதைத்தான் கற்பார்கள்?

ஆசிரியர்கள் அதை வெளியே எடுக்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தைப் படம் பிடிக்கட்டும். அந்தப் படங்களைப் பள்ளிச் சுவரில் ஒட்டட்டும். பெற்றோரும் வந்து பார்க்கட்டும்.

தன் ஊர்க் குளத்தில் இத்தனை உயிர்கள் வாழ்வதைப் பார்த்த பிள்ளை, அதில் குப்பை கொட்டாது. கொட்டுகிறவரையும் சும்மா விடாது!