பெயர் எழுதப்படாத பயணிகள்



அமெரிக்கா பிரித்தானியரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் ஜேர்மனியிலிருந்து அங்கு சென்ற ஒரு மணிக்கூடு செய்பவரின் குடும்பத்தைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். அவருடைய பெயர் கிறிஸ்தோப் சௌர். 1724ஆம் ஆண்டு மனைவியுடனும் சிறு மகனுடனும் பென்சில்வேனியாவுக்கு வந்து சேர்ந்தார். தையல் வேலை தெரிந்தவர். மணிக்கூடு செய்தார், மருந்தும் விற்றார். பிலடெல்பியாவுக்கு அருகே ஜேர்மன்ரவுன் என்ற ஊரில் குடியிருந்த அவர், பின்னர் அச்சகம் தொடங்கி 1743இல் ஜேர்மன் மொழியில் பைபிளை அச்சிட்டார். ஐரோப்பிய மொழியொன்றில் அமெரிக்காவில் அச்சான முதலாவது பைபிள் அதுதான்.

இவ்வளவு பெயர் பெற்றவரின் குடும்ப விபரங்களைத் திரட்டுவதே இலகுவாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நூல்கள் அவர் 1693இல் லாஸ்பே என்னும் ஊரில் பிறந்தார் என்று எழுதின. இன்றைய ஆய்வாளர்களோ 1695இல் ஹைடல்பேர்க் நகருக்கு அருகிலுள்ள லாடன்பேர்க்கில் பிறந்தார் என்கிறார்கள். மகன் 1721இல் லாஸ்பேயில் பிறந்தவன். மகன் பிறந்த ஊரையே தந்தைக்கும் எழுதிவிட்டார்கள் போலும். ஊர்விட்டு ஊர் போன குடும்பங்களுக்கு இப்படி நடப்பது புதுமையல்ல.

இத்தகைய குடும்பங்களைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது கப்பல் பட்டியலை. 1727 முதல் பிலடெல்பியாத் துறைமுகத்தில் இறங்கிய ஜேர்மானியர்கள் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் பட்டியல்கள் இன்றும் உள்ளன, 1934இல் புத்தகமாகவும் வெளிவந்தன. ஆனால் சௌர் வந்தது 1724இல். எனவே அவரை அங்கே தேடிப் பயனில்லை.

அந்தப் பட்டியலில் இன்னொரு குறையும் உண்டு. கையெழுத்திட வேண்டியவர்கள் பதினாறு வயதும் அதற்கு மேற்பட்டதுமான ஆண்கள் மட்டுமே. அதே கப்பலில், அதே பசியோடும் காய்ச்சலோடும் வந்த பெண்களினதும் பிள்ளைகளினதும் பெயர்களைப் பெரும்பாலும் எவரும் எழுதவில்லை.

சமூகவியல் படித்த காலத்திலும், பின்னர் இந்த வேலையில் படிவங்கள் நிரப்பும்போதும் நான் அடிக்கடி யோசிக்கும் விடயம் இது. பதிவு என்பது எல்லோரையும் பற்றியதல்ல. பதிவு செய்தவருக்கு யார் தேவைப்பட்டார்களோ அவர்களைப் பற்றியது. அரசுக்கு வேண்டியிருந்தது ஆண்களின் விசுவாசம். ஆகவே ஆண்களின் பெயர்கள் மிஞ்சின.

அப்படியானால் அந்தப் பெண்களை எங்கே தேடுவது? தேவாலயப் பதிவேடுகளில் தேடலாம். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் இருக்கும். ஞானத்தாய் பலவேளை தாயின் சகோதரியாகவோ மாமியாகவோ அயலவளாகவோ இருப்பாள். அந்த ஒரு பெயர் இன்னொரு குடும்பத்துக்கு வழிகாட்டும். அக்கால ஜேர்மன் பதிவுகளில் பெண்ணின் குடும்பப் பெயருக்குப் பின்னால் ‘இன்’ என்று சேர்ப்பார்கள். சௌர் குடும்பத்துப் பெண் ‘சௌரின்’ ஆவாள். இது தெரியாதவர்கள் அதை வேறொரு குடும்பம் என்று நினைத்துவிடுவார்கள். ஆங்கிலேயர் நடுவில் வாழ வாழப் பெயர்களும் மாறின. சௌர் பிற்காலத்தில் ‘சோவர்’ ஆனது. சிம்மர்மன் என்றால் ஜேர்மன் மொழியில் தச்சர். அந்தப் பெயருடைய சிலர் அதையே ஆங்கிலப்படுத்திக் ‘கார்ப்பென்ரர்’ ஆனார்கள்.

கணவன் இறந்தால் இன்னொரு பதிவு பிறக்கும். வீட்டிலிருந்த கட்டில், பானை, பசு, தொழிற்கருவிகள் எல்லாவற்றுக்கும் விலை போட்டுப் பட்டியல் எழுதுவார்கள். மணிக்கூடு செய்பவரின் பட்டறையில் என்ன இருந்தது என்பது இத்தகைய பட்டியல்களால்தான் தெரியவருகிறது. தந்தையை இழந்த பிள்ளைகளின் சொத்தை ‘அநாதைகள் நீதிமன்றம்’ என்ற மன்று பார்த்துக்கொண்டது. தாய் உயிரோடு இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளைகள் அநாதைகள்தான். அவர்களுக்குப் பாதுகாவலரை நியமிப்பதும் அந்த மன்றுதான். எழுதத் தெரியாத விதவைகள் அந்தக் கடதாசிகளில் ஓர் அடையாளம் மட்டும் கீறியிருப்பார்கள். பல பெண்கள் தம் கையால் விட்டுச்சென்ற ஒரே தடயம் அதுவே.

சௌரின் மனைவி மரியா கிறிஸ்ரினாவின் தடயம் வேறு விதமானது. 1730ஆம் ஆண்டளவில் அவர் கணவனையும் ஏறக்குறைய பத்து வயது மகனையும் விட்டுப் பிரிந்து, கொன்ராட் பைசெல் என்பவரின் சமயக் குழுவில் சேர்ந்தார். எஃப்ராட்டா என்ற இடத்தில் இருந்த அந்தத் துறவற மடத்தில் சகோதரி மார்செல்லா என்ற பெயருடன் உபதலைவியாகவும் இருந்தார். 1740களின் நடுப்பகுதியில் ஜேர்மன்ரவுனுக்குத் திரும்பினார். கணவனின் பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர்களுக்கு இந்தப் பெண் இடையில் மறைந்துபோவார். மடத்தின் பதிவுகளையும் பார்த்தால்தான் அவர் வாழ்ந்த வாழ்க்கை தெரியும்.

1739இல் சௌர் தொடங்கிய ஜேர்மன் மொழிப் பத்திரிகையும் தேடுபவர்களுக்குப் பெரிய துணை. கப்பல் கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்கள் சில வருடங்கள் வேலை செய்து கடனைக் கழிக்க வேண்டியிருந்தது. தாய் ஓரிடத்துக்கும் பிள்ளை வேறிடத்துக்கும் விற்கப்பட்டதுபோலப் போனார்கள். பாதி வழிக்கு மேல் கப்பல் வந்தபின் கணவன் இறந்தால், அவனது கட்டணத்தையும் மனைவியே வேலை செய்து தீர்க்க வேண்டும் என்று 1750இல் அங்கு சென்று வந்த மிட்டல்பேர்கர் என்பவர் எழுதியிருக்கிறார். இப்படிச் சிதறிப்போனவர்கள் தமது உறவினரைத் தேடி ஜேர்மன் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். இன்ன ஊரைச் சேர்ந்தவர், இன்ன வருடம் வந்தவர், சகோதரி தேடுகிறாள் என்ற விதமான அறிவித்தல்கள் அவை. குடியேறிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி 1755இல் ஆளுநருக்கே கடிதம் எழுதியவர் சௌர்.

அவரது மகன் காலத்தில் போர் வந்தது. போரில் சேர்வதும் சத்தியம் செய்வதும் தமது சமயத்துக்கு ஒவ்வாதவை என்று மகன் சௌர் விலகி நின்றார். 1778இல் அவரது சொத்துக்கள் பறிமுதலாகி விற்கப்பட்டன. கட்டாமல் கிடந்த பைபிள் தாள்களைப் படையினர் துப்பாக்கி ரவை சுற்றப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. இருந்தும் அந்தக் குடும்பத்தின் வரலாறு அழியவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆட்கள் எழுதி வைத்திருந்ததே காரணம்.

சகோதரிகளே, உறவுகளைத் தேடுவது என்றால் என்ன என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடதாசிகள் எரிந்தும் நனைந்தும் தொலைந்தும் போனதையும் அறிவீர்கள். ஆகவே ஒரு சிறு வேலையைக் கேட்கிறேன். ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் பெயர், அம்மாவின் பெயர், அம்மம்மாவின் பெயர், அப்பம்மாவின் பெயர், அவர்கள் பிறந்த ஊர்கள், இடம்பெயர்ந்து தங்கிய இடங்கள், அந்த வருடங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டுப்பெயரையும் பதிவுப் பெயரையும் இரண்டாகவே எழுதுங்கள். காணாமற்போனவர்களின் பெயர்களையும் விடாதீர்கள். வருடம் நிச்சயமாகத் தெரியாவிட்டால் ‘அளவில்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பு அதில் ஒரு பிரதியை வேறு வீட்டில் இருக்கும் சகோதரியிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள்.

எழுதத் தெரியாத அம்மா பக்கத்தில் இருந்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பேரப்பிள்ளை எழுதினால் இன்னும் நல்லது. எழுதும்போதே கேட்டும் கொள்ளும்.